அண்ணன் கொடுத்த தரகர்

அவரை நல்லவர் என்று சொல்வதா, நாசமாய்ப் போக என்று சொல்வதா என்று இந்த வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை. சில நாள் காலையில் நினைத்தால் கும்பிடத் தோன்றும். அதே நாள் சாயங்காலம் நினைத்தால் அவர் கக்கத்தில் இருக்கும் குடையைப் பிடுங்கி அவர் முதுகிலேயே நாலு போடத் தோன்றும். மில்லில் ரீலிங் பகுதியில் நூல் சுற்றிப் பிழைத்தவள் நான். எழுத்தே மில் தொழிற்சங்கத்து இரவுப் பள்ளிக்கூடத்தில்தான் கற்றேன். அதனால் எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்வேன்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. மில்லுக்கு மேற்கே எங்கள் பகுதி முழுக்க அவர் தரகர், நேரில் பார்த்தால் தரகரய்யா. வீட்டுத் தரகர். மாடு பார்க்கிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், நிலம் பார்க்கிறவர்கள் மண்ணைப் பார்ப்பார்கள். இவர் வீடு தேடி வருகிறவர்களின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் பார்ப்பார். பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்பதுதான் அவருக்கு வேண்டியது.

அப்போது மழை பொய்த்துப் பொய்த்து, திருமங்கலத்திலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூர்ப் பக்கத்திலிருந்தும் சனம் மதுரைக்கு வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ரயில் பாதைக்கு அந்தண்டை முந்தின வருஷம் சோளம் நின்ற இடத்தில் இந்த வருஷம் ஒரு வளவு நிற்கும். நடுவில் ஒரு கிணறு, சுற்றி எட்டோ பத்தோ ஒற்றை அறை வீடுகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாசல் கதவு. அதுதான் வளவு. எத்தனை கட்டினாலும் போதவில்லை. ஆள் பெருத்துப்போச்சு, வீடுதான் இல்லை என்று ஊரே புலம்பும். இவர் ஒருத்தர்தான் மாற்றிச் சொல்வார்.

"வீடு கெடக்கு தாயி, பூட்டிக் கெடக்கு. ஆளுதான் பத்தல."

பைத்தியக்காரப் பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. வளவுக்காரர்கள் எல்லோரும் ஒரே சட்டம் வைத்திருந்தார்கள். தனிக்கட்டைக்கு வீடு கிடையாது. ஆண் துணை இல்லாத பெண்ணுக்கும் கிடையாது. குடும்பம் வேண்டும். மில்லுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தனியாக வந்த இளவட்டங்கள். மிச்சம் என்னை மாதிரி தாலி அறுத்தவள், விரட்டப்பட்டவள். அறைகள் பூட்டிக் கிடந்தன, மனிதர்கள் புளியமரத்தடியில் கிடந்தார்கள். இவர் என்ன செய்தார் என்றால், வீட்டுக்கு ஏற்ற மாதிரி குடும்பத்தைக் கட்டினார். யாருக்கு யார் இல்லையோ அவர்களை எங்கேயாவது தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். திருவாதவூரிலிருந்து வந்த மூன்று பையன்களுக்கு ஒரு சித்தி கொடுத்தார். பிள்ளையில்லாத அந்த அம்மாள் அவர்களுக்குப் பொங்கிப் போட்டு, நிஜச் சித்தியை விட மோசமாகத் திட்டினாள். அந்தப் பையன்கள் கடைசி வரைக்கும் அவளுக்குப் பயந்தார்கள்.

வீட்டுக்குத்தான் தரகு வாங்குவார். உறவுக்கு வாங்க மாட்டார். கேட்டால் கோபம் வரும்.

"ஒறவுக்குக் காசு வாங்குனா நான் என்ன மனுசன்?"

நான் தெற்கு வளவுக்குக் குடிவந்த பிறகு ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டார். காவல் வேலை பார்த்து ஓய்ந்த கிழவர் ஒருத்தரைத் தெற்கு வளவில் நாலு இளவட்டங்களுக்கு அப்பாவாக வைத்திருந்தார். ஆள் பற்றாக்குறையில் அதே கிழவரை வடக்கு வளவில் இரண்டு பெண்களுக்கும் அப்பாவாக வைத்துவிட்டார். இரண்டு வளவும் ஒரே ஆளுடையவை. அந்த வளவுக்காரர் தல்லாகுளத்தில் குடியிருந்தார், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜட்காவில் வந்து எல்லா வீட்டையும் எட்டிப் பார்ப்பார். அன்றைக்குத் தெற்கில் ஒரு கும்பிடு போட்ட கிழவர், வடக்கிலும் எழுந்து ஒரு கும்பிடு போட்டார். வளவுக்காரர் குச்சியை ஊன்றி நின்றுவிட்டார்.

"என்னய்யா இது? இந்த ஆளை இப்பத்தான் அங்க பார்த்தேன்!"

தரகர் நிதானமாக மூக்குப்பொடி மட்டையை எடுத்து ஒரு சிட்டிகை ஏற்றினார்.

"ரெண்டு தாரம் சாமி. மூத்தவ மக்க அங்க, எளையவ மக்க இங்க. பொண்டாட்டிக ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டாக. பெத்த பாவத்துக்கு மனுசன் ரெண்டு வீட்டுக்கும் வஞ்சகமில்லாம நடக்காரு."

வளவுக்காரர் கிழவரை மேலும் கீழும் பார்த்தார். "நியாயஸ்தன்" என்றார். அன்றிலிருந்து அந்தக் கிழவருக்கு மட்டும் தனி மரியாதை. எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. சிரிக்காதவன் ஒருத்தன்தான். அந்த நாலு பேரில் மூத்தவன். வடக்கு வளவுப் பெண்களில் ஒருத்தி மேல் அவனுக்குக் கண். ஒரு சிட்டிகைப் பொடி நேரத்தில் அவள் அவனுக்குத் தங்கச்சியாகிப் போனாள். இரண்டு மாதம் கழித்து இருவரும் கோயம்புத்தூருக்கு ஓடிவிட்டார்கள். நாங்கள் அதற்கும் சிரித்தோம். எங்களுக்கும் அப்படி ஒன்று வரும் என்று யாருக்குத் தெரியும்?

என் கதைக்கு வருகிறேன். என் புருஷன் பேதியில் போனபோது எனக்கு இடுப்பில் மூன்று வயது மகள். மாமியார் வீட்டில் நாற்பது நாள்கூடத் தாங்கவில்லை. ரீலிங்கில் வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. புளியமரத்தடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த என்னிடம் தரகர் வந்து நின்றார். வழக்கம்போல என் இடதும் வலதும் பார்த்தார். மேலூர்ப் பக்கத்து என் ஊரையும் என் அய்யா பெயரையும் விசாரித்துக்கொண்டார்.

"தொணைக்கு யாரு?"

"யாருமில்ல."

"அண்ணன் தம்பி?"

"பொறக்கல."

"பொறக்கலேன்னா என்ன, இப்பப் பொறந்துட்டுப் போறான்."

மறுநாள் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இந்தா தாயி, ஒன் அண்ணன்" என்றார். கறுத்து, நெட்டையாக, காதில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்த ஆள். போடிப் பக்கத்திலிருந்து வந்தவர், ஸ்பின்னிங்கில் வேலை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்ததே கோபம்.

"எவர்னே தெரியாத ஆம்பளையோட ஒரே வீட்டுல இருக்கவா? என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீக என்னைய?"

"ஏந்தாயி கத்துற? அவன் ராத்திரி ஷிப்டு, நீ பகல் ஷிப்டு. நீ வரையில அவன் போவான், அவன் வரையில நீ போவ. வீடுதான் ஒண்ணு. ரெண்டு பேரும் ஒருநாளும் ஒண்ணா இருக்கப் போறதில்ல."

"அதுக்கு அண்ணன் எதுக்கு? வேற ஏதாவது சொல்லுங்க."

"அத்தை மகன்னா மொறைக்காரன்னு வளவுக்காரர் வெரட்டுவாரு. சித்தப்பன்னு சொல்ல வயசு காணாது. அண்ணன்தான் தாயி கெட்டி."

அப்படித்தான் தெற்கு வளவு ஆறாம் நம்பர் வீடு எனக்குக் கிடைத்தது. மகள் தலைக்கு மேல் ஒரு கூரை வந்த அன்று நான் அந்த மனிதருக்காகச் சொக்கரை வேண்டிக்கொண்டேன். பொய் சொல்வானேன்.

அந்த அண்ணனை நான் வாரத்தில் ஆறு நாள் வீட்டில் பார்ப்பதே இல்லை. மில் சங்கு ஊதும்போது வழியில் எதிர்ப்படுவோம், அவ்வளவுதான். நான் கேப்பைக் கூழ் மூடி வைத்து, மகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் பானை கழுவிக் கவிழ்த்திருக்கும், குடத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும். மகளுக்கு ஒரு கடலை மிட்டாய் தகர டப்பாவின் மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவருக்கும் வீடு. அன்றைக்கு அவர் பொழுதன்னிக்கும் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். வெளியே, ஆள் கேட்கிற மாதிரி, "தங்கச்சி, வாரேன்" என்பார். வீட்டுக்குள் அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. அதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

மகளுக்கு ஐந்து வயதானபோது காது குத்தவில்லையே என்று வளவுப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "மாமன் கல்லுக்குண்டாட்டம் இருக்கையில ஒனக்கென்னடி கொறை?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அழகர்கோவிலுக்கு இரண்டு மாட்டுவண்டி போயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவர் புதுப் பாவாடை சட்டையும் கடுகளவு தோடும் வாங்கி வந்திருந்தார். மகள் அலறி அவர் சட்டையைப் பிடித்துக் கிழித்தாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. தரகர் சொந்தக்காரர் மாதிரி முன்னால் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். "பாத்தியா தாயி, நான் சும்மா சேர்ப்பேனா?" என்று என் காதோடு சொன்னார். அந்த மனிதர் அழுவதைப் பார்த்தபோது எனக்கு உள்ளே என்னமோ ஆயிற்று. இந்த ஆள் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. அண்ணனாக அல்ல.

அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் டீக்கடைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"இந்த அண்ணன் வேசம் போதும்னு தோணுது."

"எனக்கும்தான்" என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. அறுத்துக் கட்டுவது, அதாவது தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது, எங்கள் சனத்தில் உள்ளதுதான். யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். சிக்கல் அதில் இல்லை. மில்லில் இருக்கிற அத்தனை பேருக்கும் நாங்கள் அண்ணன் தங்கச்சி. மடியில் வைத்துக் காது குத்திய மாமன். நாங்களாகப் போய் அது பொய் என்று சொன்னால் காறித் துப்புவார்கள். சொல்ல வேண்டியவர் ஒருத்தர்தான். வீட்டுக்காக நான்தான் அப்படிச் சொல்லி வைத்தேன், இவர்கள் யாரோ எவரோ என்று தரகர் வளவில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் சிரித்துவிட்டு விட்டுவிடும்.

இருவரும் சேர்ந்தே போய்க் கேட்டோம். டீக்கடைக்குப் பின்னால் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொடி போடவில்லை.

"அது ஆகாது தாயி. அவன் ஒன் அண்ணன்."

"நீங்க சொன்ன அண்ணன்தானய்யா?"

"நான் சும்மா சொன்னேன்னு ஒனக்கு யார் சொன்னா? ஒங்கய்யா வருசா வருசம் ஏலத்தோட்ட வேலைக்குப் போடிக்குப் போனாரா இல்லையா?"

"போனாரு."

"மாசக்கணக்குல தங்குனாரா இல்லையா?"

"தங்குனாரு. அதுக்கு?"

"அங்க ஒரு குடும்பம் இருந்துச்சு. இந்தப் பயகிட்ட நான் அப்பன் பேரு கேட்டேன். ஒங்கய்யா பேரத்தான் சொன்னான். அதனாலதான் கூட்டியாந்தேன். ஆள் பாத்துத்தான் தாயி நான் சேர்ப்பேன்."

என் அய்யா பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர். அய்யாவும் இல்லை, அம்மாவும் இல்லை, யாரைப் போய்க் கேட்பேன்? நான் என்னோடு வந்தவர் பக்கம் திரும்பினேன்.

"ஒங்க அம்மா என்ன சொல்லும்?"

"மேலூர்ப் பக்கத்து ஆளுன்னு சொல்லும். அதுக்கு மேல சொல்லாது. அதுவும் செத்துப்போச்சு."

"இத இவருகிட்ட முன்னாடியே சொன்னீகளா?"

"சொல்லியிருந்தாலும் இருப்பேன். ஞாவகமில்ல."

நான் அங்கேயே வேலிக்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அன்று முழுவதும் வளவுக்காரரிடம் தரகர் சொன்ன ரெண்டு தாரக் கதைதான் மண்டையில் ஓடியது. அதே கதை, ஆள்தான் வேறு. பொய்தான், சந்தேகமே இல்லை என்று எழுந்திருப்பேன். போடியில் நாலு மாதம் தங்கிவிட்டு வரும் அய்யாவிடம் அம்மா பத்து நாள் பேச மாட்டாள். அது நினைவுக்கு வந்ததும் திரும்ப உட்கார்ந்துவிடுவேன். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு நான் அந்த அண்ணனுடைய மூக்கையும் என் மகளின் மூக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரே அச்சாக இருக்கும். மறுநாள் சம்பந்தமே இருக்காது.

ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தரகர் வீட்டுக்கே போனேன். ஆனையூர் போகும் பாதையில் ஓட்டு வீடு. அவர் இல்லை. அவர் மனைவி முற்றத்தில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றாள்.

"நெசமாத்தான் சொல்றீகளாக்கா?"

"எனக்கே ஒரு அண்ணன் பாத்துக் குடுத்தாகளே. நான் அனாதையா சத்திரத்துல கெடந்தவ. பொண்ணு குடுக்க ஒரு ஆளு வேணும்னு ஒருத்தரக் கூட்டியாந்து, இவுக ஒன் அண்ணன்னு சொன்னாக. அவுகதான் தாரை வாத்துக் குடுத்தாக. தீவாளிக்கு இன்னும் சீலை வருது."

"அவுக நெசமாவே ஒங்க அண்ணனா?"

அவள் வற்றலைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். "அது எனக்குத் தெரியாதும்மா. கேட்டா சீலை நின்னு போச்சுன்னா?"

கொண்டுபோன குழப்பத்தை இரண்டு மடங்காக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஓடிற்று. நம்புகிறீர்களோ இல்லையோ, அதே வீட்டில்தான் இருந்தோம். அதே கூழ், அதே தண்ணீர்க் குடம். ஒருநாள் நாளைக்கே எங்கேயாவது போய்விடலாம் என்பேன். அவர் சரி என்பார். மறுநாள் காலையில் எனக்குப் பயம் வந்துவிடும். அவருக்கும் வந்திருக்கும். இரண்டு பேரும் பேசாமல் ஷிப்டுக்குப் போவோம்.

யுத்த காலத்தில் குடிக்கணக்கு எடுக்க வந்தார்கள். முதலில் கதவுக்குக் கதவு எண் எழுதிவிட்டுப் போனார்கள். பிறகு பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் பெரிய தாள்களோடு வந்தார். அது ஞாயிற்றுக்கிழமை, வளவு முழுக்க ஆள். யாராவது உளறிவிடப் போகிறார்கள் என்று தரகர் காலையிலேயே வந்து கிணற்றடியில் நின்றுகொண்டார். ஒவ்வொரு வாசலிலும் உறவு ஒப்பித்தார்கள். சித்தி, அக்கா மகன், மாமனார். வாத்தியார் எழுதிக்கொண்டே போனார். எந்த வீட்டில் தடுமாறினாலும் தரகர் குடையை நீட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஆறாம் நம்பர் வந்தது.

"குடும்பத் தலைவர் யாரு?"

அவர் எழுந்து நின்று பெயர் சொன்னார்.

"இந்தம்மா ஒங்களுக்கு என்ன வேணும்?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. நீ என்ன சொல்கிறாயோ அதுதான், சர்க்கார் தாளில் நீ சொல்வதை எழுதட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது. நான் கிணற்றடியைப் பார்த்தேன். குடை நீளவில்லை. அன்றைக்கு மட்டும், எங்கள் வீட்டுக்கு மட்டும், அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். அவருக்குத் தண்ணீர் எதற்கு? ஏன் திரும்பிக்கொண்டார்? உன் இஷ்டம் என்றாரா? பொய் சொல்லி அலுத்துவிட்டதா? மெய்யைச் சொல்லத்தான் பயமா? பாவி மனுஷன், தெரிந்திருந்தால் அந்த ஒரு தரம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"சட்டுனு சொல்லும்மா, இன்னும் நாலு வளவு இருக்கு" என்றார் வாத்தியார்.

"கூடப்பொறந்த தங்கச்சி" என்றேன்.

வீடு போய்விடும் என்ற பயத்தில் சொன்னேனா, பாவம் சுற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் சொன்னேனா, இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வாத்தியார் எழுதிக்கொண்டு ஏழாம் நம்பருக்குப் போனார். அண்ணனாகிப்போனவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

அடுத்த மாதம் அவர் வடக்கு வளவில் வேறு நாலு பேரோடு போய்ச் சேர்ந்துகொண்டார். ஆனால் எனக்கு வீடு போய்விடக் கூடாதே. அதற்காக முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து, வளவுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வரை என் வாசலில் அண்ணனாக உட்கார்ந்திருப்பார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ராத்திரி ஷிப்டுக்காரனுக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்று சிரிப்பார். தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். அதை வாங்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். வாங்காமல் இருந்ததும் இல்லை.

யுத்தம் முடிந்து, சுதந்திரம் வந்து, என் மகளுக்குக் கல்யாணம் கூடியது. தெற்கு வளவிலேயே பந்தல். தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாக வந்து இறங்கியது. தரகருக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தளர்ந்துபோயிருந்தார், கண் மங்கிவிட்டது. பந்தியில் உட்கார வைத்து நானே ரசம் ஊற்றினேன். இனிமேல் எனக்கு என்ன பயம்? அவர் பக்கத்தில் குனிந்து கேட்டே விட்டேன்.

"தரகரய்யா, இப்பவாவது நெசத்தச் சொல்லுங்க. அவுக எங்கய்யா பிள்ளையா, இல்லையா?"

"யாரு தாயி? எந்த வளவு?"

"இதே வளவுதான். ஆறாம் நம்பரு."

சோற்றில் கை வைத்தபடி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"ஆறாம் நம்பரா? ரீலிங் பொண்ணு, இடுப்புல பிள்ளையோட வந்துச்சு. ராத்திரி ஷிப்டுப் பயலக் கொண்டாந்து சேர்த்தேன்."

"ஆமா. அவுகதான். அவுகளுக்குள்ள என்ன ஒறவு?"

"என்ன தாயி இப்புடிக் கேக்குற? புருசன் பொண்டாட்டி. நான்தானே வச்சேன். அம்புட்டுப் பேருக்கு அமைச்சுக் குடுத்தேன், அந்த மாதிரி ஒரு சோடி அமையல. இப்ப எங்க இருக்காக ரெண்டு பேரும்?"

மணவறையிலிருந்து யாரோ மாமனைக் கூப்பிட்டார்கள். "இந்தா வாரேன்" என்று சொல்லிக்கொண்டு அவர், நரைத்த தலையும் மாலையுமாக, எங்கள் பந்தியைத் தாண்டிப் போனார். நான் ரச வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். தரகர் இன்னும் என் பதிலுக்காக முகத்தைத் தூக்கியபடியே இருந்தார்.